உங்கட வீட்டு விஷயம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் என்னை நேர்முகம் கண்ட மேலாளர், பேசும்போதெல்லாம் விரலிலிருந்த மோதிரத்தை உருட்டிக்கொண்டிருப்பார். சிரித்த முகம். என் சான்றிதழ்களை அவர் திறக்கவேயில்லை.

"பிள்ளையை ஆர் பார்க்கிறது?"

"மாமி பார்ப்பா, சேர்."

"சமையல்?"

"அதுவும் மாமிதான்."

"அப்ப ஓகே. எங்களுக்கு லேட்டா நிண்டு வேலை செய்யிற ஆள்தான் தேவை," என்று அன்றே வேலை தந்தார்.

இரண்டு வருடம் நேரம் பார்க்காமல் உழைத்தேன். மாமி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபோது ஒரு கிழமை லீவு கேட்டேன்.

"அது உங்கட வீட்டு விஷயம், தங்கச்சி. கம்பனிக்கு என்ன சம்பந்தம்?"

"இன்டர்வியூவில என்ர வீட்டைப் பற்றி மட்டும்தானே சேர் கேட்டனீங்கள்?"

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. நான் சொன்னது உண்மையாகவே விளங்காமல் விழித்தார். வேலையை விட்டுவிட்டேன். அந்த விளங்காத பார்வையைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.