படிக்க மட்டும்

நீரேற்று நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் யாரும் இல்லை. எல்லோருக்கும் ‘வியூ அக்கா’. மேற்பார்வையாளர் மட்டும் மேடம் என்பார், அதுவும் கிண்டலாக.

எந்தத் தெருவுக்கு எப்போது, எத்தனை நிமிடம் தண்ணீர் என்பதெல்லாம் கணினியில் ஒரே கோப்பில் வரிவரியாக இருக்கிறது. கால்மணிக்கு ஒருமுறை இயந்திரம் அதைப் படித்து வால்வுகளைத் திறக்கும், மூடும். யாராவது போனில் நேரம் கேட்டால், அக்கா கோப்பின் பெயருக்கு முன்னால் ‘வியூ’ என்று அடித்துத் திறந்து பார்த்துச் சொல்வார். அப்படித் திறந்தால் படிக்கத்தான் முடியும். திரையில் என்ன கிறுக்கினாலும் சேமிக்க விடாது.

பதினோரு வருடத்துக்கு முன் ‘வியூ’ அடிக்காமல் திறந்து, கை தவறி ஒரு பூஜ்யத்தை அழித்து, கவனிக்காமல் சேமித்தும் விட்டார். முப்பது நிமிடம் மூன்று நிமிடமானது. மறுநாள் ஒரு தெருவே காலி வாளியோடு அலுவலக வாசலில் நின்றது. அன்று பிடித்த பழக்கம்.

“உங்கம்மா ஃப்ரிட்ஜைக்கூட வியூலதான் திறப்பா. எடுத்துத் தின்னு கெடுக்கறது நாமதான்” என்று கணவர் மகளிடம் சொல்வார்.

“ஒரு வரி பாக்க இவ்வளவு பத்தியமா மேடம்?” என்பார் மேற்பார்வையாளர்.

ஒரு நாள் காலை ஒன்பதரைக்கு மருத்துவமனையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். “பத்து மணித் தண்ணி உண்டுல்ல? டயாலிசிஸுக்கு ஆறு பேர் காத்திருக்காங்க.”

அக்கா கோப்பைத் திறந்து, “உண்டும்மா, நாப்பது நிமிஷம்” என்று சொல்லிவிட்டு, அழுத்தமானி பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனார். திரும்பி வந்தால் மேற்பார்வையாளர் கையில் ஈரத்துணி. விசைப்பலகை முழுக்க டீ.

“சிந்திடுச்சு மேடம். துடைச்சேன். எழுத்தெல்லாம் தானா ஓடுச்சு. எதுவும் போயிடக்கூடாதேன்னு சேவ் குடுத்துட்டேன்.”

“சேவ் குடுத்தீங்களா!”

திரையில் மருத்துவமனை வரியையே காணோம். அந்த இடத்தில் ஒரே எழுத்து நாற்பது தடவை. நர்ஸ் லைனில் இருந்த அவசரத்தில் ‘வியூ’ அடித்தோமா? அக்காவுக்கு ஞாபகமே வரவில்லை. பத்துக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது.

“திரைல கீழ என்னவோ செவப்பாத் திட்டுது” என்றார் மேற்பார்வையாளர்.

அக்கா கண்ணாடியைத் தேடினார். அது தலைமேலேயே இருந்தது. இறக்கி மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார்: படிக்க மட்டும் திறந்த கோப்பு, சேமிக்க முடியாது.

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “நல்லாத் திட்டட்டும்!”

சேமிக்காமல் வெளியேறி, மறுபடி வியூவில் திறந்தார். அந்த வரி தன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது: பத்து மணி, நாற்பது நிமிடம். இருந்தும் இருவரும் வால்வு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சரியாகப் பத்துக்கு அது பச்சையானது. கொஞ்ச நேரத்தில் நர்ஸ், “வந்துடுச்சுங்க” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மேற்பார்வையாளர் துணியைப் பிழிந்தபடி, “கை காலே ஓடலக்கா. இன்னொரு டீ சொல்லட்டுமா?” என்றார்.

மேடம் போய் ‘அக்கா’ வந்ததை வியூ அக்கா கவனித்தார். காட்டிக்கொள்ளவில்லை.

“சொல்லுங்க. ஆனா நீங்க அந்த சன்னல்கிட்ட நின்னே குடிங்க.”