மழைக்கு மூடிய விதி

புதுச்சேரியில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு நான் மரக்காணத்துக்குத் திரும்பியது, சந்தை விலையின் போக்கைப் பிடித்துக்கொண்டு பிழைப்பதற்காக. என் விதி எளிமையானது. தங்கமோ காப்பரோ, விலை நூறு நாள் உச்சத்தைத் தாண்டினால் வாங்க வேண்டும். ஐம்பது நாள் தாழ்வைத் தொட்டால் விற்றுவிட வேண்டும். ஏன் ஏறுகிறது என்று கேட்கக் கூடாது. இப்படிப்பட்ட விதி பல தடவை சின்னதாக நஷ்டப்படும். எப்போதாவது வருகிற ஒரு நீண்ட ஏற்றம் எல்லாவற்றையும் ஈடுகட்டும். பழைய விலைகளை வருடக் கணக்கில் எடுத்து அவற்றின்மேல் இந்த விதியை ஓட்டிப் பார்த்தேன். புரோக்கர் கமிஷன் போன பிறகும் தாக்குப்பிடித்தது.

என் மனைவிக்கு உப்பளம்தான் தொழில். குத்தகைப் பாத்திகளை அவளே நின்று பார்த்துக்கொள்கிறாள்.

"மூணு சீசன் பாருங்க. தேறலன்னா மறுபடி வேலைக்குப் போயிடணும்" என்றாள். நியாயமான கெடுதான். ஒத்துக்கொண்டேன்.

மூன்று சீசனும் தேறவில்லை. சின்ன நஷ்டங்கள் சொல்லிவைத்தாற்போல வந்தன. அந்த நீண்ட ஏற்றம் மட்டும் என் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சந்தையே கெட்டுப்போய்விட்டது என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். தோற்பதையாவது காரணம் தெரிந்து தோற்கலாம் என்று, விதிப்படி வந்திருக்க வேண்டியதையும் எனக்கு நிஜமாக வந்ததையும் ஒரே வரைபடத்தில் இரண்டு கோடுகளாகப் போட்டேன். ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் வரை இரண்டும் ஒரே மாதிரி போயின. அக்டோபரில் பிரிந்தன.

முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் என்மேலேயே எரிச்சல். ஐப்பசி மழைக்கு முன்னால் இங்கே உப்புக் குவியல்களைப் பனையோலை போட்டு மூடிவிடுவார்கள். பொங்கலுக்குப் பிறகுதான் மறுபடி பாத்தியில் இறங்குவார்கள். மூடுகிற அந்த வாரமே நானும் கையிலிருந்ததையெல்லாம் விற்றுவிட்டு லேப்டாப்பை மூடியிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, விதியிலும் இல்லை. எங்கள் வீட்டில் மழைக்காலம் என்றால் வேலை கிடையாது, அவ்வளவுதான். தங்கத்துக்கு மழை என்ன, வெயில் என்ன? மூன்று வருடத்தின் பெரிய ஏற்றங்கள் எல்லாம் அந்த மாதங்களில்தான் வந்து போயிருந்தன.

அவள் உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோதே கொண்டுபோய்க் காட்டினேன்.

"விதி தப்பில்ல. நான்தான் மழைக்கு மூடிட்டேன். இன்னும் ஒரு வருஷம் குடு, பன்னெண்டு மாசமும் ஓட்டுறேன்."

அவள் கோடுகளை நிதானமாகப் பார்த்தாள். புரியாமல் இல்லை.

"இதுல நீங்க மூடி வச்சிருந்த மாசம் எதெது?"

விரல் வைத்துக் காட்டினேன்.

"அந்த மாசத்துலதாங்க நீங்க எங்ககூட உக்காந்து சாப்டீங்க. பொண்ணு பேசுனா காதுல வாங்குனீங்க. மத்த மாசமெல்லாம் போனைப் பாத்துக்கினு எரிஞ்சு எரிஞ்சு விழுந்தீங்க. இப்ப இதையும் எடுத்துக்கப் போறீங்களா?"

அவள் சொன்னது உண்மை. அதுதான் வலித்தது.

இப்போது தினமும் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். விதி மட்டும் பணம் போடாமல் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. போன கார்த்திகையில் ஒரு நாள் அது நல்ல லாபம் காட்டியது. அன்று சாப்பிடும்போது, "என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று அவள் கேட்டாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.