எட்வின் அத்தானின் ஸ்காட்லாந்தும் அப்பாவின் சந்தேகமும்

எட்வின் அத்தான் போய்விட்டார். இன்று காலை, இரும்புலியூர் வீட்டில், தூக்கத்திலேயே…

லில்லி அக்காதான் போன் செய்தாள். "அத்தான் எழுந்திரிக்கலடி" என்றாள். அவ்வளவுதான்.

அத்தான் ஆவதற்கு முன்னால் அவர் எங்களுக்கு எட்வின் அண்ணன். தாம்பரத்தில் எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர், கப்பலில் இன்ஜினியர், வருஷத்தில் பாதி நாள் கடலில்.

அறுபதுகளில் கிளாஸ்கோவில் ஒரு கப்பல் யார்டில் வேலை பழகியவர். லீவில் வந்தால் சாயங்காலம் எங்கள் ஹாலில் உட்கார்ந்து அந்த ஊர்க் கதைதான்.

நான் அப்போது பி.ஏ. ஹிஸ்டரி. "இங்கிலாந்து எப்படிண்ணா இருக்கும்?" என்று ஆரம்பித்தால் போதும்…

"இங்கிலாந்து இல்லம்மா, ஸ்காட்லாந்து! எங்க ஹவுஸ் ஓனரம்மாவை ஒரு தடவை இங்கிலீஷ்காரங்கன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் முகம் குடுத்தே பேசல."

ஒரு காலத்தில் தனி ராஜா இருந்த நாடாம். ஒரு கலகத்துக்குப் பிறகு, ஆண்கள் கட்டுகிற கட்டம் போட்ட பாவாடையைக்கூட லண்டனில் சட்டம் போட்டுத் தடுத்தார்களாம்.

அப்பா பேப்பரை இறக்காமலே கேட்பார். "பாவாடைக்குச் சட்டமா!" என்று சிரிப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு லீவில் வந்தவர் லில்லி அக்காவைப் பெண் கேட்டார். அப்பாவின் சிரிப்பு அன்றோடு நின்றது.

போதாததற்கு அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர் வேறு பற்ற வைத்துவிட்டார். "ஃபாரின்ல ஒரு குடும்பம் வச்சுக்கிட்டு இங்க வந்து இன்னொண்ணு கட்டுறவன் நிறைய பேர் சார். முதல்ல இவன் அந்த ஊருக்குப் போனானான்னே யாருக்குத் தெரியும்?"

அதுவரை கதையாக இருந்ததெல்லாம் விசாரணைக்கு வந்துவிட்டது. "நீதான் ஹிஸ்டரி படிக்கிறியே, கேட்டுக்கிட்டே இரு. எங்கயாவது உளறுவான்" என்றார் அப்பா.

கேட்டேன். அந்த மனிதர், பாவம், உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

ஆட்டு ஈரல், இதயம் எல்லாவற்றையும் கொத்தி, ஓட்ஸ் சேர்த்து, அதன் வயிற்றுப் பைக்குள்ளேயே அடைத்து வேகவைப்பார்களாம். "நம்ம ஆட்டுக்குடல் போட்டி மாதிரிதாம்மா!"

"வெள்ளைக்காரன் போட்டி சாப்பிடுறானாம்…" உள்ளேயிருந்து அப்பாவின் முணுமுணுப்பு.

அடுத்து வந்ததுதான் பெரிய குண்டு. "நான் போறதுக்குக் கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் அங்க கிறிஸ்துமஸுக்கு லீவே கிடையாதும்மா. புது வருஷம்தான் அவங்களுக்குப் பண்டிகை. கறுப்பு முடி வச்ச ஆம்பள, கையில கரித்துண்டோட முதல்ல வாசப்படி மிதிச்சா அந்த வருஷம் நல்லா இருக்குமாம். தெரு முழுக்க என்னையத்தான் கூப்பிட்டாங்க!"

அவர் போனதும் அப்பா ஹாலுக்கு வந்தார். "கிறிஸ்தவ நாட்டுல கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லையாம். வெள்ளைக்காரன் இவனைக் கூப்பிட்டு முதல்ல வீட்டுக்குள்ள விட்டானாம். இவன் ராயபுரத்தைத் தாண்டியிருக்க மாட்டான்!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எங்கள் காலேஜில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் பாடம் எடுத்தார். தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டேன். உரக்கச் சிரித்துவிட்டு, தன் அப்பா கிறிஸ்துமஸ் அன்றைக்கும் வேலைக்குப் போனவர்தான் என்றார். கரித்துண்டும் உண்மையாம்.

வீட்டில் வந்து சொன்னால், அப்பா அசையவில்லை. "அவரையும் இவன் போய்ப் பார்த்துப் பேசி வச்சிருப்பான்."

ஊர் உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வேறொன்று உறுத்த ஆரம்பித்தது. எந்தக் கதையானாலும் அந்த ஹவுஸ் ஓனரம்மா வீட்டுக்கு வந்ததும் ஏன் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கிறார்?

அக்காவும் அதைக் கவனித்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து எல்லோரும் ஹாலில் இருந்தபோது, காபியை அவர் கையில் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டுவிட்டாள்.

"அங்க உங்களுக்கு யாராவது இருந்தாங்களா?"

அப்பா பேப்பரை மடித்தார்.

"ஒருத்தி இருந்தா" என்றார் எட்வின் அண்ணன். "ஓனரம்மா பொண்ணு. கட்டிக்கிறியான்னு கேட்டேன். இந்தியாவுக்கெல்லாம் வர முடியாதுன்னுட்டா. அது முடிஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சு. இப்ப ஒண்ணும் இல்ல."

அம்மா "ஆண்டவரே" என்றாள். அப்பா எழுந்தே விட்டார். "பாத்தியா? நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

அக்கா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "பொய் சொல்றவரா இருந்தா, யாரும் இல்லன்னு ஈஸியா சொல்லிட்டுப் போயிருப்பாருப்பா. உங்க முன்னாடி உட்கார்ந்து கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லன்னு சொல்லியிருப்பாரா? எனக்குச் சம்மதம்."

அப்பா இறங்கி வரச் சில வாரம் பிடித்தது. பிறகு ஒருநாள், செருப்பை மாட்டிக்கொண்டே, "பாஸ்டர்கிட்ட தேதி கேளுங்க" என்று சொல்லிவிட்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தார்.

கல்யாண போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம். அப்பா மட்டும் மாப்பிள்ளையைப் பார்க்கிறார்.

அதற்குப் பிறகும் அத்தான் கிளம்பும்போதெல்லாம் அப்பா அக்காவிடம் தனியாகக் கேட்பார். "இந்தத் தடவை கப்பல் எந்தப் பக்கம்மா? அந்தப் பக்கம் போகலையே?" பேரப்பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போன பிறகும் கேட்டார்.

போன மாதம் அத்தானைப் பார்க்கப் போயிருந்தேன். அக்கா சமையலறையில் இருந்தாள். எனக்கு எப்படியோ கேட்க வாய் வந்துவிட்டது… "அத்தான், அந்தப் பொண்ணு பேர் என்ன?"

"மறந்துட்டேன்மா" என்றார், டிவியைப் பார்த்தபடியே.

டிவி ஓடவில்லை.

அடக்கம் நாளை மதியம். தெரிந்தவர்கள் வீட்டுக்கு வாருங்கள், அக்கா தனியாக இருக்கிறாள்.

போயிட்டு வாங்க அத்தான்…