மூன்று கங்குகள்

அணு உலை கிரிட்டிகல் ஆகிவிட்டது என்று வகுப்பில் சொன்னால் என் மாணவர்கள் ஓடத் தயாராகிறார்கள். ஆஸ்பத்திரியில் அந்தச் சொல் வந்தால் அழுகைதான். உலையிலோ அது நல்ல செய்தி. ஒரு அணுவின் பிளவு இன்னொரு பிளவை உண்டாக்குகிறது. குறைவதும் இல்லை, மிஞ்சுவதும் இல்லை. எனக்கு இதைப் புரியவைத்தவள், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத என் அத்தை பூங்காவனம்.

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட போர்க்காலத்தில், காஜா பெராங் என்ற ஊரில், ஏழாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்தேன். அப்பாவை சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அம்மா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் வந்து பார்த்தார். பிள்ளை நிலைமை கவலைக்கிடம், மருந்தும் இல்லை, சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை என் தொட்டிலுக்குக் கீழே சட்டியில் தேங்காய்ச் சிரட்டைக்கரிக் கங்கு வைத்தாள். ஒன்று தனியாக இருந்தால் கறுத்துவிடும். ஐந்து சேர்ந்தால் தொட்டில் துணி பற்றிக்கொள்ளும். மூன்று ஒட்டியிருந்தால் நிற்கும். ஒன்று சாம்பலாகும்போது பக்கத்தில் ஒரு கரியை வைப்பாள். இப்படியே இரண்டு நாள் கண் மூடாமல் காத்தாள்.

தீப்பெட்டியைக் கண்ணால் காண முடியாத காலம் அது. நெருப்பு வீடு வீடாகத்தான் போகும். மூன்றாம் நாள் காலை, பக்கத்து வீட்டு ஹலீமா நெருப்புக் கேட்டுக் கரண்டியோடு வந்தாள். பிள்ளை பெற்ற வீட்டு நெருப்பை வெளியே கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அத்தை முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிட்டாள். ஹலீமா தெருக்கோடியில் மரவள்ளிக்கிழங்கு அவிப்பவனிடம் போய் வாங்கிக்கொண்டாள்.

நண்பகலில் சிப்பாய்கள் வந்து, வீட்டுக்கு ஒருவரை ரோட்டில் குனிந்து நிற்க வைத்தார்கள். அசைந்தால் அறை விழும். அத்தைக்குச் சட்டி நினைப்புதான். விட்டதும் ஓடிவந்து பார்த்தால் சட்டி முழுக்கச் சாம்பல். என் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கிழங்குக்காரனோ அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவிட்டான்.

அத்தை பெரிய வீம்புக்காரி. அன்று வீம்பை விழுங்கிக்கொண்டு வேலியைத் தாண்டிப் போய், ஒரே ஒரு கங்கு கேட்டாள். ஹலீமா சாம்பலில் புதைத்து வைத்திருந்ததைக் கிளறினாள். இருந்ததே மூன்றுதான்.

"ஒண்ணு நிக்காதுக்கா. மூணையும் கொண்டு போங்க. எங்க சோறு மெதுவா வேகட்டும்."

சாயங்காலத்துக்குள் என் உதடு சிவந்தது. அத்தை சட்டியில் கூடுதலாக மூன்று கரி போட்டு, அவை கனிந்ததும், தீட்டு வீட்டு நெருப்பை எடுத்துக்கொண்டு மறுபடி வேலியைத் தாண்டினாள்.

அதற்குப் பிறகு எந்த நாளில் யார் நெருப்புக் கேட்டாலும் அவள் மறுத்ததில்லை. ஒன்று கேட்டாலும் மூன்றாகத்தான் கொடுப்பாள்.