ஏழாவது கண்ணில் குடியிருந்தவள்

எங்கள் ஊர்ப் பாலத்துக்குத் தண்ணீர் போக ஏழு கண். ஆறு கண்களில் ஆறு போகும். ஏழாவது கண் கரையேறி நிற்கிறது. அந்த நாளில் அதில் தண்ணீர் போய்ப் பார்த்தவர்கள் ஊரில் யாரும் இல்லை. அந்தக் கண்ணுக்குள்தான் ராஜாம்பாள் குடியிருந்தாள். அவளைப் பற்றி மட்டும் சொல்லுங்கள் என்று, எழுதிக்கொள்ள வந்தவர்கள் என்னைக் கேட்கிறார்கள். பாலத்தை விட்டுவிட்டு அவளைச் சொல்ல எனக்கு வராது. வேண்டாம் என்றால் எழுதுகிறவர்கள் பேனாவை மூடி வைத்துவிடலாம்.

வடக்கனந்தலைத் தாண்டி மலைக்குப் போகிற வழியில், கோமுகியில் போய் விழுகிற சின்ன ஆறு எங்களுடையது. பேர்தான் சின்ன ஆறு. கல்வராயன் மலையில் மழை பிடித்துக்கொண்டால் அதன் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பாலத்தை வெள்ளைக்காரன் கட்டினான் என்பார்கள் சிலர். இல்லை, மலையை ஆண்ட ஜாகீர்தார் கட்டினார் என்பார்கள் சிலர். எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். அதில் கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. கருங்கல்லை ஒரு பக்கம் அகலமாக, ஒரு பக்கம் ஒடுக்கமாகச் செதுக்கி, வில்லாக வளைத்து அடுக்கியிருக்கிறார்கள். உச்சியில் ஒரு கல். அது மற்றவற்றை நெருக்குகிறது, மற்றவை அதைத் தாங்குகின்றன. மேலே கரும்பு லாரி போகப் போக இன்னும் இறுகுகிறதே தவிர நெகிழ்கிறதில்லை. தண்ணீர் வருகிற பக்கம் ஒவ்வொரு தூணுக்கும் கூர்மையாக ஒரு மூக்கு. வெள்ளம் அதில் மோதிப் பிளந்து போகும். திருநாவலூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் துணி துவைக்க ஆற்றுக்குப் போய், துவைக்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்று மாமியாரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

கரையில் நிற்கிற ஏழாவது கண்ணின் தூணுக்கும் மூக்கு உண்டு, கீழே தளக்கல்லும் உண்டு. தண்ணீரே வராத இடத்தில் மூக்கு எதற்கு என்று ஊரில் கேலி பேசுவார்கள். காண்ட்ராக்டர் ஒரு கண்ணுக்குக் கூடுதலாக பில் போட்டுவிட்டான் என்பார் தீனதயாளன். டிராக்டர் வைத்திருப்பவர், ஒரு தடவை பஞ்சாயத்துத் தலைவராகவும் இருந்தவர். அவருக்குத் தெரியாத காண்ட்ராக்டரா?

ராஜாம்பாளின் புருஷன் போர்வெல் லாரியோடு வடக்கே போனவன், திரும்பவில்லை. கொழுந்தன்மார் அவள் சாமான்களைத் தூக்கி வெளியே வைத்தார்கள். கைக்குழந்தை விஜயலட்சுமியோடு ஒரு கோடையில் ஏழாவது கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தாள். மழை வந்தால் போய்விடுவாள் என்று நினைத்தோம். அவள் செங்கல்லும் மண்ணும் குழைத்து, ஆறு வருகிற பக்கத்தை அடைத்துச் சுவர் வைத்தாள். சுவரில் மரச்சட்டம் போட்ட ஒரு ஜன்னல். ஆறு போகிற பக்கம் கதவு. கதவுக்கு முன்னால் அடுப்பு. வெள்ளிமலைக்குப் போகிற ஜீப்காரர்கள் இறங்கி வந்து டீ குடிப்பார்கள். வேகவைத்த மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் காரச் சட்னியும் அவளிடம் மட்டும்தான் அந்த ருசி. அதை வைத்தே பெண்ணை வளர்த்து உளுந்தூர்ப்பேட்டையில் கட்டிக்கொடுத்தாள்.

ஒரு தரம் பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்து, இது யார் வீடு என்று கேட்டார். ராஜாம்பாள் கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னாள்.

"காலியா கெடந்த வூடுங்க. வூட்டுக்காரன் வந்து கேட்டா குடுத்துட்றேன்."

வந்தவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே பானைக்குள் இருப்பது மாதிரிக் குளிர்ச்சி. மேலே பஸ் போனால் பாத்திரங்கள் மெல்ல முனகும். கல்லிலிருந்து ஒரு பொடி உதிராது. தளம் வாசல் பக்கமாக லேசாகச் சரிந்திருக்கும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் தானே வெளியே ஓடிவிடும், துடைப்பம் வேண்டாம். எந்த மவராசி வீட்டுக்கு இப்படி ஒரு தளம் இருக்கிறது என்று பெருமையடித்துக்கொள்வாள். அந்தச் சரிவு எதற்கு என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பெண்ணைக் கட்டிக்கொடுத்த பின் ஒரு கார்த்திகையில் புயல் வந்தது. மலையில் விடாத மழை. காலையில் நாங்கள் எழுந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர். எங்கள் தெரு பாலத்துக்கு மேல்பக்கம், ஆறு வருகிற பக்கம் இருக்கிறது. வேரோடு பிடுங்கிய மரங்களும் மூங்கிலும், கொல்லை கொல்லையாக அடித்து வந்த கிழங்குக் குச்சியும் பாலத்தில் வந்து சிக்கிக்கொண்டன. ஆறு கண்களில் பாதிக்குமேல் அடைபட்டுவிட்டது. ஜே.சி.பி. ஆற்றுக்கு அக்கரையில் நின்றது, பாலத்தில் ஏற்ற டிரைவர் பயந்தான். ஊரே பாலத்தின்மேல் ஏறி நின்றது. பாலம் போய்விடும், எல்லோரும் கீழே இறங்குங்கள் என்றார் தீனதயாளன். பாலம் போகாது என்றேன் நான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இறங்கவில்லை. காலடியில் கல் அதிரவே இல்லை.

அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. ஒரு பக்கம் தண்ணீர் ராஜாம்பாளின் சுவரில் ஜன்னல் கட்டை வரைக்கும் ஏறி நிற்கிறது. மறுபக்கம் அவள் வாசல் ஈரம்கூடப் பெரிதாக இல்லாமல் கிடக்கிறது, அடுப்பு எரிகிறது. தண்ணீர் போக ஒரு கண் அங்கே சும்மா இருக்கிறது. ஊரே அந்தச் சுவரைப் பார்த்தது. பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒருத்தியின் வீட்டை இடி என்று யார் வாயால் சொல்வது?

ராஜாம்பாள் என் பக்கத்தில்தான் நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள். தூணின் மூக்கு அந்த வெள்ளத்தைப் பார்த்தபடி நிற்பதைப் பார்த்தாள். பிறகு தீனதயாளனிடம் திரும்பினாள்.

"இன்னா மாமா, சொவுத்தப் பாக்குறீங்க, என்னப் பாக்குறீங்க. வாயத் தொறந்து சொல்றதுதான?"

"நான் இன்னாத்தம்மா சொல்றது," என்றார் அவர்.

"வூட்டுக்காரன் வந்து நிக்குறான். குடுக்க வேண்டியதுதான். டிராக்டர எடுங்க."

உள்ளே நின்று சுவரை இடித்தால் இடிக்கிறவரையே தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் ஜன்னல் சட்டத்தில் கிணற்றுக் கயிற்றைக் கட்டி, வாசல் வழியாக இழுத்து வந்து, தள்ளி மேட்டில் நிறுத்திய டிராக்டரில் பூட்டுவது என்று ஆயிற்று. கட்ட நான் போகிறேன் என்று ஆம்பிளைகள் முன்வந்தார்கள். என் வீட்டுக்குள் நான்தான் போவேன் என்று அவள் நுழைந்துவிட்டாள். நான் வாசலில் நின்றேன். உள்ளே சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது. அவள் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். டீத்தூள் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். வெளியே வந்து, எரிகிற அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டு நாதாங்கியில் பூட்டை மாட்டப் போனாள்.

"ராஜாம்பா, இன்னாடி பண்ற? கயிறு உள்ளருந்து வருது, நீ வூட்டப் பூட்டிக்கினு இருக்க."

கையிலிருந்த பூட்டைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீரும் வந்தது. பூட்டை மடியில் செருகிக்கொண்டு கதவை அகலமாகத் திறந்து வைத்தாள். இரண்டு பேரும் மேட்டுக்கு ஓடினோம்.

டிராக்டர் ஒரு தரம் உறுமியது, கயிறு விறைத்தது. ஜன்னல் பிடுங்கிக்கொண்டு வந்தது. அதன் பின்னால் சுவர் வந்தது. அதன் பின்னால் ஆறு வந்தது.

அதை எப்படிச் சொல்வேன். ஏழாவது கண் வாயைத் திறந்து ஆற்றை அப்படியே வாங்கியது. மூக்கு தண்ணீரைப் பிளந்தது, தளத்தின் சரிவு அதை இழுத்து வெளியே எறிந்தது. கதவு, அடுப்பு, கட்டில் எல்லாம் ஒரு நொடியில் போயின. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல்பக்கத்துத் தண்ணீர் தாழ்ந்தது. தெருவில் ஏறிய தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போனது. தீனதயாளன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். இப்படி ஒரு நாள் வரும் என்று எவனோ ஒருவன் அன்றைக்கே கணக்குப் பண்ணிக் கல்லை அடுக்கியிருக்கிறான். அவன் முகம் எங்களில் யாருக்கும் தெரியாது. எனக்கு உடம்பு சிலிர்த்தது, இப்போது சொல்லும்போதும் சிலிர்க்கிறது.

வெள்ளம் வடிந்தபின் நானும் ராஜாம்பாளும் உள்ளே போய்ப் பார்த்தோம். அவள் வருஷக்கணக்காக மெழுகிய சாணமும், அடுப்புக் கரியும், வெள்ளையடித்த சுண்ணாம்பும் கழுவிக்கொண்டு போய்விட்டன. கல்லில் உளி விழுந்த தடம் நேற்றுச் செதுக்கியது மாதிரி இருந்தது. ஒரு கல்கூட அசையவில்லை. அவள் தளத்தில் உட்கார்ந்து அந்தத் தடங்களைத் தடவிப் பார்த்தாள்.

"வூட்டுக்காரன் இத்தினி நாளு சும்மா இருக்க வுட்டானேக்கா," என்றாள்.

விஜயலட்சுமி வந்து கூப்பிட்டாள், இவள் போகவில்லை. தீனதயாளன் டிராக்டர் கொட்டகையை ஒட்டிய அறையைக் கொடுத்தார். தகரக் கூரை, வெயிலில் வேகிறது என்று தினமும் திட்டிக்கொண்டே இருக்கிறாள். அந்தப் பூட்டுதான் அங்கே தொங்குகிறது. பகலில் பாலத்தின் பக்கத்தில் தள்ளுவண்டியில் டீயும் கிழங்கும் விற்கிறாள். போன அறுவடையில் ஒருத்தர் ஏழாவது கண்ணில் வைக்கோல் அடுக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அங்கே ஆள் இருக்கிறது, வெளியூர் போயிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

காலையில் வண்டியைத் திறக்குமுன் உள்ளே போய்ச் சருகைப் பெருக்குகிறாள். பிறகு ஒரு குடம் தண்ணீரை மேல்பக்கத்தில் ஊற்றிவிட்டு நின்று பார்க்கிறாள். அது கல்லின்மேல் விரிந்து, எங்கும் தேங்காமல், தானாகவே ஆற்றுப் பக்கம் ஓடுகிறது. அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.