கண்டக்டரம்மா ஏறி நின்ற பலகை

கண்டக்டரம்மா மாத்திரை அட்டைகளைக் கிழித்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது, அதைத் தொடவில்லை. அட்டையை இடது கை விரல்களுக்கு நடுவே செருகிக்கொண்டு, வலது கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல், ஒரு இழுப்பு. ஒவ்வொரு மாத்திரையாகத் தனியே கழன்று விழுந்தது. காலைக்கு ஒரு டப்பா, மதியத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. நான் கத்தரியால் ஒரு அட்டையை முடித்திருக்கும் நேரத்தில் அவர் நான்கை முடித்துவிட்டார்.

"முப்பத்தோரு வருஷம் டிக்கெட் கிழிச்ச கை, நர்ஸம்மா. கத்தரிக்கோல் வெச்சு வெட்டிட்டிருந்தா ஜனங்க இறங்கியே போயிருப்பாங்க."

நான் நர்ஸ் இல்லை, வீட்டோடு இருந்து நோயாளிகளைக் கவனிக்கப் பயிற்சி பெற்றவள் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். "இவ்வளவு நீளமா எல்லாம் கூப்பிட முடியாது," என்று முடித்துவிட்டார்.

கையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. சிக்கல் கீழே. ஒரு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் நான்கு மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தார். மகள் வந்து கதவைத் திறந்துதான் தூக்கினாள். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டுதான் நடந்தார். அறுபத்தேழு வயதில் விழுந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடி ஆறிவிடும். பயம் காலை விட்டுப் போகாது.

மகள் என்னை மூன்று வாரத்துக்கு அமர்த்தினாள். முடிவில் ஒரு தாளில் நான் எழுதித் தர வேண்டும்: அம்மா இந்த இரண்டாவது மாடி வீட்டில் தனியாக இருக்கலாமா, கூடாதா? கூடாது என்றால் மகள் வீட்டில் கீழ்த்தளத்துப் பின்னறை. அதற்குப் பெயின்ட் அடித்து, திரையும் மாட்டியாகிவிட்டது.

"பெயின்ட் காயறதுக்குள்ள நான் நடந்துடணும். அவ்வளவுதானே?" என்றார் கண்டக்டரம்மா.

இரண்டு அறை, ஒரு சமையலறை. முப்பத்து நான்கு படிகள். ஜன்னலில் நின்றால் பஸ் திரும்பும் முனை தெரியும். திரும்புகிற ஒவ்வொரு பஸ்ஸையும் அவர் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, "ஒன்பது நிமிஷம் லேட்டு. இறங்கித் தள்ளினாக்கூட இதைவிட சீக்கிரம் வந்திருக்கும்," என்று திட்டுவார். அந்த ஜன்னலை விட்டு அவர் எங்கும் போகப்போவதில்லை என்பது முதல் நாளே எனக்குப் புரிந்தது. ஆனால் புரிந்ததை எல்லாம் தாளில் எழுத முடியாது. தாளுக்கு வினாடிக் கணக்கு வேண்டும்.

பாதங்களைச் சேர்த்து வைத்துப் பிடிமானமில்லாமல் நிற்கச் சொன்னேன். நான்கு வினாடியில் தள்ளாடி என் தோளைப் பிடித்தார்.

"காலைச் சேத்து வெச்சு நான் எந்தக் காலத்துல நின்னேன்? ஓடற பஸ்ல அப்படி நின்னா, பிரேக் போட்டதும் யாரு மடியில போய் உக்காருவேன்னு எனக்கே தெரியாது."

அது சாக்கு இல்லை. கண்டக்டர்கள் காலை அகட்டி, ஒரு பக்க இடுப்பை சீட்டின் முனையில் முட்டுக்கொடுத்துத்தான் நிற்பார்கள். அப்போதுதான் இரண்டு கையும் டிக்கெட்டுக்கும் சில்லறைக்கும் கிடைக்கும். இவர் வீட்டிலும் அப்படியே. சமையல் மேடை, மேசை, கதவு நிலை, எதில் இடுப்பைச் சாய்க்கலாம் என்று உடம்பு தானே தேடிக்கொள்ளும்.

தெருவில் நடக்க அழைத்துப் போனேன். மூன்று நாள் போனோம். காரியம் கெட்டது தெருவால் இல்லை, தெருவில் இருந்தவர்களால். சாவி செய்கிறவர் கடையிலிருந்து இறங்கி வந்து முழங்கையைப் பிடித்தார். "பாத்து, பாத்து கண்டக்டரம்மா." மருந்துக் கடைக்காரர் ஒரு நாற்காலியோடு ஓடி வந்தார். கண்டக்டரம்மாவின் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்வந்த ஒரு பெண், இப்போது அவளே நரைத்தவள், பாவம், பாவம் என்று நான்கு தடவை சொன்னாள். நான்காம் நாள் இவர் பாதி வழியில் திரும்பிவிட்டார்.

"கம்பியப் பிடிங்க, கம்பியப் பிடிங்கன்னு ஊருக்கே கத்தினவ நான். இப்ப இந்த ஊரே எனக்கு கம்பி ஆகப் பாக்குது. எனக்கு வேண்டாம்."

அப்புறம் இறங்கவில்லை. பிசியோதெரபி டாக்டர் தந்த உடற்பயிற்சித் தாளையும் இரண்டு நாளில் மடித்து மேசைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டார். மேசை ஆடுவது நின்றது.

அந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டு எலக்ட்ரீசியனின் மனைவி மேலே வந்தாள். அவர்கள் வீட்டில் வீடியோ கேம் பெட்டி ஒன்று இருக்கிறது. டிவியில் மாட்டி ஆடுவது. அதோடு ஒரு பலகையும் உண்டு. ஏறி நின்றால், உடம்பின் எடை எந்தக் காலில் எவ்வளவு இறங்குகிறது என்று டிவியில் ஒரு புள்ளி காட்டும்.

"பிள்ளை பெத்தப்புறம் உடம்பு குறைக்கலாம்னு வாங்கினேன்க்கா. ரெண்டு மாசம் ஆடினேன். அப்புறம் அந்தப் பலகை மேல துணிக்கூடையை வெச்சுட்டேன். அவர்தான் கார் ரேஸ் ஆடறாரு. இப்ப வெளியூர் வேலைக்குப் போயிருக்காரு, திங்கக்கிழமை வர்றாரு. அதுவரைக்கும் வெச்சுக்கோங்க. பிடிச்சா நீங்களும் ஒண்ணு வாங்கிக்கலாம்."

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வீடியோ கேம் பெட்டிக்கு முழங்கால் தெரியாது, ரத்த அழுத்த மாத்திரை தெரியாது. ஆனால் மேசைக் காலுக்கு அடியில் போன தாளுக்கும் அது தெரியாதுதான். தரைவிரிப்பைச் சுருட்டி எடுத்தேன். டீப்பாயை வெளியே தள்ளினேன். கை வைத்த கனமான நாற்காலியைப் பின்னால் போட்டு, அதன் முதுகைச் சுவரோடு ஒட்டினேன். வெறுங்காலோடு ஏறச் சொன்னேன். நான் பக்கத்தில் நின்றேன், தொடாமல்.

புள்ளி இடது ஓரத்தில் போய் நின்றது.

"டிவி கோணலா இருக்கு," என்றார் கண்டக்டரம்மா.

"டிவி நேராத்தான் இருக்குக்கா."

குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இடது இடுப்பை, இல்லாத ஒரு சீட்டின் மேல் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். மெல்ல வலப்பக்கம் நகர்ந்தார். புள்ளியும் நகர்ந்தது. நடுவட்டத்தைத் தொட்டதும் ஓடிவிட்டது.

"அட, டிக்கெட் எடுக்காம இறங்கி ஓடறவன் மாதிரி ஓடுது பாரு! இரு, உன்னைப் பிடிக்கறேன்."

அன்று நாற்பது நிமிடம் பிடித்தார். நான்தான் நிறுத்தினேன். மறுநாள் நான் காலை உணவை முடிப்பதற்குள் பலகையின் முன்னால் நின்றார். அந்தப் பெட்டி தோற்றால் தோற்றாய் என்றது, ஜெயித்தால் மணியடித்தது. பாவம் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் வந்தார்கள். மகள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், எதையும் பட்டியல் போட்டுப் பேசுவாள். மருமகன் நல்ல மனிதர். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க மட்டும் மனம் வராது.

"இதே மாதிரி ஒண்ணு வாங்கப் போறேன்," என்றார் கண்டக்டரம்மா.

"அம்மா, உனக்கு என்ன வயசு? இது பசங்க ஆடறது."

"பஸ்ல ஏறும்போது நான் வயசு கேட்டதில்ல. அரை டிக்கெட்டுக்கு மட்டும்தான் கேப்பேன்."

மருமகன் சிரித்துக்கொண்டே, ஆட்டத்தை இயக்கும் கைப்பிடியை எடுத்தார். சோபாவில் சாய்ந்தபடியே டென்னிஸ் ஆட்டத்தைப் போட்டார். மணிக்கட்டை மட்டும் வெடுக் வெடுக்கென்று திருப்பினார். டிவியில் ஒரு பொம்மை மனிதன் ஓடி ஓடி அடித்தான். இரண்டு நிமிடத்தில் மருமகன் ஜெயித்தார். பெட்டி கைதட்டி, அற்புதமான உடற்பயிற்சி என்று பாராட்டியது.

"பாத்தீங்களா அத்தை? உக்காந்த இடத்துலயே சாம்பியன் ஆயிட்டேன். இதுக்குப் பேரு எக்சர்சைஸா? காசு தண்டம்."

மகள் என்னைப் பார்த்தாள். நானும் அதையேதான் முன்பு நினைத்திருந்தேன் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

கண்டக்டரம்மா திறந்தார். "மாப்பிள்ளை, நீங்க டிக்கெட் எடுக்காம வந்த ஆளு. அதுக்கு பஸ்ஸை ஏன் திட்டறீங்க?"

"அது இல்ல அத்தை..."

"அதேதான். முப்பத்தோரு வருஷத்துல எத்தனை பேரைப் பிடிச்சிருப்பேன். தூங்கற மாதிரி நடிக்கறவன், பின்னாடி வர்றவர் எடுப்பாருன்னு சொல்றவன், பழைய டிக்கெட்டை நீட்டறவன். ஏமாத்தறாங்கன்னு பஸ்ஸை நிறுத்திட்டோமா? ஏமாத்தாம வர்றவங்க நூறு பேரு வேலைக்குப் போகணும். வண்டி ஓடணும். இந்தப் பெட்டிக்கு செக்கிங் பண்ணத் தெரியாது, சரி. எனக்குத் தெரியும்."

மருமகன் கைப்பிடியை மெதுவாக சோபாவில் வைத்தார்.

"நீங்க சொல்லுங்க," என்று மகள் என் பக்கம் திரும்பினாள். "அம்மாவுக்கு சரியாயிடுச்சா?"

உண்மையைச் சொன்னேன். "பாதம் சேர்த்து நாலு வினாடி நின்னாங்க. இப்ப பதினொண்ணு. ஆனா ஒரு வாரத்துல தசைக்குப் பலம் வராதும்மா. பயம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். தினமும் செஞ்சா ரெண்டு மாசத்துல தெரியும். செய்யாம விட்டா, கீழ்வீட்டுல மாதிரி அதுமேல துணிக்கூடைதான்."

"கேட்டியாம்மா? சரியாகல. அங்க வந்து இரு. பெட்டியையும் நானே வாங்கித் தர்றேன், பின்னறையில வெச்சு ஆடு."

"பின்னறையில இருந்தா எனக்கு எதுக்குடி பெட்டி? மத்தியானத் தூக்கத்துக்கா? நான் நிக்கப் பழகறது இந்தப் படியில இறங்கறதுக்கு."

"திரும்ப விழுந்தா?" என்றாள் மகள். "நாலு மணி நேரம்மா. நான் வந்து கதவைத் திறந்தப்ப நீ இருந்த கோலம் எனக்குத்தான் தெரியும்."

கண்டக்டரம்மா எழுந்தார். கையை ஊன்றாமல் எழுந்தார், அதை நான் கவனித்தேன். மகளின் எதிரில் போய், இடுப்பை மேசையில் சாய்க்காமல் நின்றார்.

"விழுந்தா விழுவேன். பயந்துட்டே உன் வீட்டுக்கு வந்தா, அங்கயும் விழுவேன். போனை வேணும்னா கயித்துல கட்டி கழுத்துல மாட்டிக்கறேன். விசிலை அப்படித்தான் முப்பத்தோரு வருஷம் மாட்டியிருந்தேன், குளிக்கும்போது மட்டும் கழட்டுவேன்."

"குளிக்கும்போதுதானே விழுந்தே?"

"சரி, அப்பவும் கழட்டல. பிளாஸ்டிக் உறை போட்டுக்கறேன். காலையில ஏழு மணிக்கு நீ கூப்பிடு, நான் எடுக்கலைன்னா ஓடி வா. அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. நான் கேக்கல, சொல்றேன்."

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு மாசம். அதுக்குள்ள நடக்கலைன்னா பின்னறைதான்."

"அதுக்குள்ள அந்த அறையை வாடகைக்கு விட்டுடு."

நான் அன்று மாலையே தாளை எழுதினேன். தனியாக இருக்கலாம். குளியலறையில் இரண்டு கைப்பிடிக் கம்பிகள் போட வேண்டும், ரப்பர் விரிப்பு வேண்டும், தினம் இருபது நிமிடம் பலகை, பின்னால் நாற்காலி. இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எனக்கு அந்த வீட்டில் வேலை முடிந்தது என்பதும் அந்தத் தாளிலேயே இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது. "உயிரோடதான் இருக்கேன், வேலைக்குப் போ," என்று வைத்துவிட்டு, அலமாரிக்கு அடியிலிருந்து பழைய தோல் பையை இழுத்தார் கண்டக்டரம்மா. அதில் வெங்காயம் இருந்தது. தரையில் கொட்டினார். கீழ்வீட்டுப் பெட்டியையும் கைப்பிடிகளையும் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து, குறுக்கே மாட்டிக்கொண்டார்.

"நான் எடுத்துட்டு வர்றேன்," என்றேன்.

"பலகையை எடுத்துக்கோங்க. எனக்கு முன்னால இறங்குங்க. என்னைப் பிடிக்கக் கூடாது."

முன்னால் இறங்குவதுதான் முறை. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவருக்கு ஒரு படி கீழே, பக்கவாட்டில் நின்றேன். அவர் இடது கையைப் படிக்கட்டுக் கம்பிக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் வைத்துக்கொண்டார். "ரைட்," என்றார், தனக்குத்தானே. முப்பத்து நான்கு படியில் கம்பியை மூன்று தடவை தொட்டார்.

எலக்ட்ரீசியனின் மனைவி கதவைத் திறந்ததும், "உங்க வீட்டுக்காரர் கார் ஓட்டட்டும்," என்று பெட்டியைக் கொடுத்தார், நான் பலகையைக் கொடுத்தேன். திரும்பிப் படியேறுவார் என்று நினைத்தேன். வாசலைத் தாண்டினார். சாவி செய்கிறவர் கடையிலிருந்து பாதி எழுந்தார். "உக்காருங்க, உக்காருங்க," என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

பெட்டி விற்கும் கடை நான்கு நிறுத்தம் தள்ளி. பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். நான் உட்காரச் சொன்னேன். கண்டக்டரம்மா உட்காரவில்லை. அந்த சீட்டின் முனையில் இடது இடுப்பைச் சாய்த்தார், பழக்கதோஷம். அப்புறம் குனிந்து கால்களைப் பார்த்தார். இடுப்பை எடுத்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலிலும் சமமாக நின்றார். நான் அவருக்குப் பின்னால், அவர் இடுப்பிலிருந்து நான்கு விரல் தள்ளிக் கையை வைத்திருந்தேன். நான்கு நிறுத்தமும் அது அங்கேயே இருந்தது. தேவைப்படவில்லை.