கூரைமேல் படகு

எங்கள் ஒல்தாரா கண்டத்தின் நட்டநடுவே, நாலு பக்கமும் மணல் சூழ்ந்த இஷ்கா ஊரில், ஹெவ்ரியக்கா வருடம் தவறாமல் தன் கூரைமேல் கவிழ்ந்து கிடக்கும் படகுக்குத் தார் பூசுவாள். தெற்கே மிதக்கும் பனிக்கண்டமான உன்மூர், பதினோரு வருடத்துக்கு ஒருமுறை ஒல்தாராவின் கரையை உரசிப் போகும். அந்த வருடம் மட்டும்தான் எங்களுக்கு மழை.

கண்டத்தை அளந்து படம் போட வந்த பெல்லூன், கூரையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, மணல்லயா ஓட்டப் போறீங்க?"

"சிரிங்க, சிரிங்க. கூடாரத்தப் பள்ளத்துல போட்டிருக்கீங்க பாருங்க, அதுக்கு நான் அப்புறமா சிரிக்கிறேன்."

அவர் கேட்கவில்லை. படத்தில் எங்கள் ஊரின்மேல் 'நீரற்ற நிலம்' என்று எழுதினார். எட்டாம் நாள் தெற்கிலிருந்து குளிர்காற்று வந்தது. பத்தாம் நாள் இஷ்கா ஏரியாகிவிட்டது. கூடாரக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியவரை ஹெவ்ரியக்காதான் படகுக்குள் இழுத்துப் போட்டாள். தலைமேல் தூக்கிப் பிடித்திருந்த படத்தை அவர் வெட்கத்தில் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்கய்யா. பத்து வருஷத்துக்கு அது சரிதான். இந்த வருஷத்துக்கு இன்னொண்ணு போடுங்க."

இன்று தலைநகர மண்டபத்தில் எங்கள் கண்டத்துக்கு மட்டும் இரண்டு படங்கள் தொங்குகின்றன. இரண்டாவதில், நீலத்தின் நடுவே ஒரு குட்டி வெள்ளைப் படகு. ஊரே வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம். நாங்கள் நெஞ்சை நிமிர்த்தி நிற்க, அக்கா மட்டும் கிட்டே போய் உற்றுப் பார்த்தாள்.

"பாவி மனுஷன், தார் பூசாமலே தண்ணியில எறக்கிட்டானே!"